ஒரிஜினல் தட்டா, ரீஇஷ்யூவா? ராக் எல்பி வாங்குகிறவர்களின் தீராத வழக்கு

ஜனவரி 4 (கேள்வி)
1970-களின் ராக் ஆல்பங்களை 180 கிராம் ஆடியோஃபைல் ரீஇஷ்யூவாக (ஒலிப் பிரியர்களுக்கான கனத்த மறுவெளியீடாக) வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு. ஒரிஜினல்தான் எப்போதும் மேல். டேப் புதுசாக இருந்தபோது அதிலிருந்து க்ரூவ் (ஊசி ஓடும் பள்ளம்) வெட்டியது அல்லவா? மறுக்க முடிந்தால் மறுங்கள்.

ஜனவரி 4, இரவு
பாதியை மறுக்கிறேன். டேப் பழசாகும், அது உண்மை. ஆனால் ஒரிஜினல் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒரே ஆல்பம் பல நாடுகளில் வெளியானது. குழுவின் சொந்த நாட்டில் பெரும்பாலும் மாஸ்டர் டேப்பிலிருந்தே, அதாவது கடைசி மிக்ஸ் பதிந்த மூல டேப்பிலிருந்தே, வெட்டுவார்கள். மற்ற நாடுகளுக்கு நகல் டேப் போகும், சில இடங்களுக்கு நகலின் நகல். அனலாக் டேப்பை அதே தரமுள்ள டேப்பில் ஒருமுறை நகலெடுத்தாலே இரைச்சல் ஏறக்குறைய 3 டெசிபல் கூடும், தாள ஓசைகளின் முனை மழுங்கும். அப்படி வெட்டிய தட்டின் லேபிளிலும் 1973 என்றுதான் இருக்கும்.

தட்டைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது நான்கு: எந்த டேப், வெட்டியவர் யார், எத்தனையாவது ஸ்டாம்பர் (தட்டை அழுத்தி எடுக்கும் உலோக அச்சு), க்ரூவ் இன்று என்ன நிலையில் இருக்கிறது. ஆண்டு இந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஜனவரி 5 (கேட்டவர்)
அப்படியானால் பிரிட்டிஷ் குழுவுக்கு பிரிட்டிஷ் தட்டு, அமெரிக்கக் குழுவுக்கு அமெரிக்கத் தட்டு என்று வைத்துக்கொள்ளலாமா? லெட் ஸெப்பலின் 2 அதற்கு ஒத்துவரவில்லையே: குழு பிரிட்டிஷ், ஆனால் எல்லோரும் தேடுவது அமெரிக்கத் தட்டை.

ஜனவரி 5, இரவு
ஒத்துத்தான் வருகிறது. குழுவின் பாஸ்போர்ட்டைப் பார்க்காதீர்கள், கடைசி மிக்ஸ் எங்கே முடிந்தது என்று பாருங்கள். 1969-ல் அந்த ஆல்பத்தை நியூயார்க்கில் எடி கிரேமர் மிக்ஸ் செய்தார், அங்கேயே ஸ்டெர்லிங் சவுண்டில் ராபர்ட் லுட்விக் வெட்டினார். டேப் பிறந்த ஊரிலேயே வெட்டு நடந்துவிட்டது.

அந்த வெட்டின் சத்தமும் பாஸும் அசாத்தியம். அன்றைய மலிவு பிளேயர்களில் ஊசி துள்ளுகிறது என்ற புகாரால் சீக்கிரமே அடக்கமாக மறுவெட்டு வெட்டினார்கள். மறுவெட்டின் லேபிளும் அதேதான், '1841 பிராட்வே' முகவரி உட்பட. எனவே லேபிள் படத்தை மட்டும் காட்டி 'முதல் பிரஸ்ஸிங்' என்று விற்பவரிடம் டெட் வாக்ஸின் படம் கேளுங்கள்.

பார்க்கும் விதம்: பாட்டு முடிந்து லேபிள் தொடங்குமுன் இருக்கும் வழவழப்பான வளையம்தான் டெட் வாக்ஸ். மேஜை விளக்கை ஒரு பக்கமாக வைத்து, தட்டைக் கிட்டத்தட்ட படுக்கையாகச் சாய்த்துத் திருப்புங்கள். எழுத்து மயிரிழை அளவுதான் கீறியிருக்கும், நேர் வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது. 'ஆர்எல்' என்ற கையெழுத்தும் ஸ்டெர்லிங் சவுண்டின் 'எஸ்எஸ்' குறியும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது கலப்பு: ஒரு பக்கம் பழைய ஸ்டாம்பர், மறுபக்கம் மறுவெட்டு.

இன்னொரு சிக்கல். இவ்வளவு சத்தமான க்ரூவை அந்தக் காலத்தில் பலர் 5 கிராமுக்கு மேல் அழுத்தும் செராமிக் கார்ட்ரிட்ஜில் ஓட்டித் தேய்த்திருக்கிறார்கள். ஆர்எல் கிடைப்பது அரிது, தேயாத ஆர்எல் அதைவிட அரிது.

ஜனவரி 6 (கேட்டவர்)
என்னிடம் இருப்பதில் ஆர்எல் இல்லை. தூக்கிப் போட்டுவிடவா?

ஜனவரி 6
போடுகிற இடத்தை மட்டும் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 7
டெட் வாக்ஸ் பற்றித் தனி மடலில் கேட்டவர்களுக்காக. பிரிட்டிஷ் இஎம்ஐ தட்டுகளில் படிப்பது சுலபம். மேட்ரிக்ஸ் எண் கடிகாரத்தின் 6 மணி நிலையில் இருக்கும். அதன் கடைசி இலக்கம் எத்தனையாவது வெட்டு என்று சொல்லும். 9 மணி நிலையில் இருப்பது 'மதர்' எண். 3 மணி நிலையில் உள்ள எழுத்துகள் ஸ்டாம்பர் எண், அதற்கு ஒரு சங்கேதம் உண்டு: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, ஹெச் 7, எல் 8, டி (ஆங்கில T) 9, கடைசி டி (ஆங்கில D) 0. 'கிராமபோன் லிமிடெட்' என்பதிலிருந்து எடுத்த எழுத்துகள் இவை. 'ஆர்ஓ' என்றிருந்தால் 25-ஆவது ஸ்டாம்பர்.

இது ஏன் முக்கியம்? லாக்கர் தட்டில் வெட்டியதிலிருந்து 'ஃபாதர்', அதிலிருந்து 'மதர்', அதிலிருந்து ஸ்டாம்பர். ஒவ்வொரு படியும் நிக்கல் முலாமில் எடுத்த எதிர்ப்பதிவு. ஒரு ஸ்டாம்பர் சுமாராக ஆயிரம் தட்டு தாங்கும். அதன் கடைசி நூறில் வந்த தட்டும் முதல் நூறில் வந்த தட்டும் ஒரே மாதிரி ஒலிக்காது. மேட்ரிக்ஸ் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் இரண்டு ஒரிஜினல்கள் வேறு வேறாகக் கேட்பது இதனால்தான். பிரமையும் இல்லை, மந்திரமும் இல்லை.

பீட்டில்ஸின் ரப்பர் சோல் மோனோ, 1965: எக்ஸ்இஎக்ஸ் 579-1 என்று முடிவது சத்தமாக வெட்டிய பிரதி. சீக்கிரமே நிறுத்திவிட்டு மறுபடி வெட்டினார்கள். லெட் ஸெப்பலின் 2-க்கு நடந்ததேதான், நான்கு ஆண்டு முன்னதாக.

ஜனவரி 8
ரீஇஷ்யூ உறையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வக்கீல் நோட்டீஸ் மாதிரி படிக்க வேண்டும். 'ஒரிஜினல் மாஸ்டர் டேப்பிலிருந்து' என்றால் டேப்பைக் கணினியில் ஏற்றி, அந்தக் கோப்பிலிருந்து வெட்டியதாகவும் இருக்கலாம். 'டேப்பிலிருந்து நேரடியாக லாக்கரில், முழுக்க அனலாக்' என்று எழுதியிருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. வெட்டியவர் பெயரே இல்லாமல் '180 கிராம் ஆடியோஃபைல்' என்று மட்டும் இருந்தால் நான் வைத்துவிடுவேன்.

1963-க்கு முந்தைய ராக் அண்ட் ரோல் ஆல்பங்களில் கூடுதல் கவனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013-ல் ஒலிப்பதிவு உரிமையை 50-லிருந்து 70 ஆண்டாக நீட்டியபோது, 1962 வரை வெளியானவை ஏற்கெனவே பொதுவுடைமை ஆகியிருந்தன. யார் வேண்டுமானாலும் சிடியிலிருந்துகூட எடுத்துத் தட்டு போடலாம், போடுகிறார்கள்.

ஜனவரி 10 (கேட்டவர்)
டிஜிட்டல் நடுவில் வந்தால் காது உடனே சொல்லிவிடும். அதனால்தான் ஒரிஜினல் என்கிறேன்.

ஜனவரி 10, இரவு
காது சொல்லவில்லை. 2022 ஜூலையில் வெளிவந்த சேதி: மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் 2011 முதலே தன் உயர்விலைத் தட்டுகள் பலவற்றை டிஎஸ்டி என்ற டிஜிட்டல் கோப்பு வழியாக வெட்டி வந்திருக்கிறது. முழு அனலாக் என்று நம்பி வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள், அது சமரசத்தில் முடிந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டில் 'அனலாக்கின் உச்சம்' என்று அந்தத் தட்டுகளைக் கொண்டாடியவர்களில் டிஜிட்டலை ஆகாது என்பவர்களே அதிகம். வாங்கியவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், அது தனி நியாயம். ஒலி விஷயத்தில் அந்தச் சம்பவம் காட்டியது வேறு: நல்ல டிஜிட்டல் மாற்றத்தைத் தட்டில் கேட்டுக் கண்டுபிடிப்பது மிகமிகக் கடினம்.

இன்னொன்று. க்ரூவை வெட்டும் எந்திரமான கட்டிங் லேத்துக்கு வரப்போகும் சத்தம் முன்கூட்டியே தெரிய வேண்டும், அப்போதுதான் க்ரூவ்களுக்கு இடையே இடம் விடும். அதற்காக டேப் எந்திரத்தில் கூடுதலாக ஒரு முன்கேள் தலை வைத்திருந்தார்கள். 1970-களின் இறுதியிலிருந்து பல இடங்களில் அதற்குப் பதில் டிஜிட்டல் டிலே வந்தது. முன்கேள் சிக்னல் நேரே லேத்தின் கட்டுப்பாட்டுக்குப் போகும், வெட்டுகிற சிக்னல் டிலே வழியாகப் போகும். வெட்டுகிற சிக்னல்! உங்கள் அலமாரியிலுள்ள 1980-களின் 'அனலாக் ஒரிஜினல்'களில் சில இப்படி 16 பிட் பெட்டியைத் தாண்டி வந்தவையாக இருக்கலாம்.

ஜனவரி 12
180 கிராம் பற்றி. எடை ஒலியைக் கூட்டாது. க்ரூவின் ஆழம் 120 கிராம் தட்டிலும் அதேதான். தடித்த தட்டு சற்றுக் குறைவாக வளையும், அவ்வளவே. 'ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) உயரத்தை ஒவ்வொரு தட்டுக்கும் மாற்றணும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கணக்குப் போட்டுப் பார்ப்போம்: 60 கிராம் வித்தியாசம் 30 செ.மீ. தட்டில் பரவினால் ஏறக்குறைய 0.6 மி.மீ. தடிமன். 230 மி.மீ. ஆர்முக்கு அது 0.15 டிகிரி. ஊசியைக் கார்ட்ரிட்ஜில் பொருத்தும்போது வரும் கோணப் பிழை இதைவிட அதிகம்.

ஜனவரி 13 (கேட்டவர்)
நேற்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். ஒரிஜினல் ஒரே அடியில் ஜெயித்தது.

ஜனவரி 13, இரவு
சத்தத்தைச் சமன் செய்தீர்களா? அரை டெசிபல் கூடுதல் இருந்தாலே மூளை அதை 'சத்தம்' என்று சொல்லாது, 'உயிரோட்டம்' என்று சொல்லும். இரண்டு வெட்டுகளுக்கு இடையே 2, 3 டெசிபல் வித்தியாசம் சர்வசாதாரணம். வால்யூம் குமிழைக் கையால் திருப்பிச் சமன் செய்தால் போதாது.

செய்யும் முறை இது. இரண்டு தட்டையும் முதலில் கழுவுங்கள், புதுத் தட்டையும்தான். உள்ளுறையின் காகிதத் தூளும் நிலைமின்சாரமும் சேர்ந்து முதல் ஓட்டத்தில் சடசடக்கும். பிறகு ஒரே நாளில், ஒரே கார்ட்ரிட்ஜில், ஒரே கெய்னில், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில் இரண்டையும் பதிவு செய்யுங்கள். ஒரு பக்கம் ஓட்டி ஊசி சூடேறியதும் பதிவைத் தொடங்கினால் நல்லது. கெய்ன் வைக்கும்போது உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள், ஒரு சொடுக்குக்கூட கிளிப் ஆகிவிடும், அதாவது உச்சி அறுபடும்.

அடுத்து, பாட்டில் 30 விநாடிப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சொடுக்கு இல்லாத, ஏற்ற இறக்கம் அதிகமில்லாத பகுதி. இரண்டு கோப்பிலும் அந்தப் பகுதியின் ஆர்எம்எஸ் (சராசரிச் சத்தம்) அளவைப் பாருங்கள், உச்ச அளவைப் பார்க்காதீர்கள். சத்தமானதைக் குறைத்து 0.2 டெசிபலுக்குள் கொண்டுவாருங்கள். மெலிந்ததைக் கூட்டினால் கிளிப் ஆகும் அபாயம் உண்டு. தொடக்கத்தை ஒழுங்குபடுத்தி, ஃபூபார் 2000 என்ற கணினி பிளேயரின் ஏபிஎக்ஸ் கருவியில் போடுங்கள்; எது எந்தத் தட்டு என்று காட்டாமல் கேட்கவைத்து அடையாளம் காணச் சொல்லும் சோதனை அது. 16 தடவையில் 12 சரி என்றால் குருட்டாம்போக்கில் அப்படி வர 100-க்கு 4-க்கும் குறைவான வாய்ப்பே உண்டு. 9, 10 என்று வந்தால் ஒன்றும் நிரூபணமாகவில்லை.

தட்டில் ஒரு தொல்லை இருக்கிறது. ஒன்றில் மட்டும் ஒரு சொடுக்கு இருந்தால் ஏபிஎக்ஸ் அதைக் கேட்டே பாஸ் ஆகிவிடுவீர்கள். அதனால்தான் சுத்தமான பகுதி வேண்டும் என்றேன்.

ஜனவரி 14
நேற்று விட்டது: வேகம். வெட்டும்போது டேப் எந்திரம் அரை சதவீதம் வேகமாக ஓடியிருந்தால் ஸ்ருதி 9 சென்ட் ஏறும். தனியாகக் கேட்டால் தெரியாது. பக்கத்தில் வைத்துக் கேட்டால் வேகமானது 'பளிச்' என்றிருக்கும். பதிவுகளின் நீளத்தை ஒப்பிட்டாலே பிடிபடும்: 4 நிமிடப் பாட்டில் அரை சதவீதம் என்றால் 1.2 விநாடி.

ஜனவரி 15 (கேட்டவர்)
டிஆர் மீட்டரில் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அளப்பது) ரீஇஷ்யூ சிடி 8, ரீஇஷ்யூ தட்டு 12 காட்டுகிறது. தட்டு தனி மாஸ்டரிங் என்பதற்கு இது போதாதா?

ஜனவரி 15
போதாது. வெட்டும்போதும் வாசிக்கும்போதும் நேரும் ஃபேஸ் மாற்றத்தால், தட்டையாக வெட்டப்பட்ட உச்சிகள் மறுபடி கூர்மையாகும். அதே நசுக்கிய கோப்பைத் தட்டில் வெட்டினாலும் மீட்டர் சில எண் கூட்டியே காட்டும். தட்டிலிருந்து எடுத்த பதிவின் அலைவடிவத்தைப் பாருங்கள். உச்சிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வேலி போட்டது போல் நின்றால், மீட்டர் 12 சொன்னாலும் மூலம் நசுங்கியதுதான்.

ஜனவரி 17
உள் க்ரூவ். ராக் ஆல்பங்களில் இதுதான் உண்மையான போர்க்களம், ஏனென்றால் பக்கத்தின் கடைசிப் பாட்டைத்தான் பலர் பிரம்மாண்டமாக முடிப்பார்கள். 33⅓-ல் வெளி விளிம்பில் க்ரூவ் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, 6 செ.மீ. ஆரத்தில் 21 செ.மீ. மட்டுமே. அதே ஒலிக்குப் பாதிக்கும் குறைவான இடம். சிம்பல் மணலாகும், பாடகரின் 'ஸ' சீறும்.

45 ஆர்பிஎம்மில் இரண்டு தட்டாகப் பிரித்தால் இந்த இடத்தில் தெளிவான லாபம். உள் ஆரத்திலும் 28 செ.மீ. கிடைக்கும், அதோடு பக்கத்துக்கு 10, 12 நிமிடமே என்பதால் அவ்வளவு உள்ளே போகவே வேண்டியதில்லை. ஃப்ளீட்வுட் மேக்கின் ரூமர்ஸ், ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேயும் வெட்டிய 45 ஆர்பிஎம் பதிப்பு இதற்கு நல்ல சாட்சி. 1977-ன் ஒரிஜினலோடு வைத்தால் வெளிப்புறப் பாட்டுகளில் வாதாடலாம், கடைசிப் பாட்டுகளில் வாதாட எதுவும் இல்லை. 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போக வேண்டும், டாக்டரும் அதைத்தான் சொல்கிறார்.

ஜனவரி 18
ஹாஃப் ஸ்பீடு பற்றிச் சுருக்கமாக. டேப்பையும் லேத்தையும் பாதி வேகத்தில் ஓட்டினால் 10 கிலோஹெர்ட்ஸ் வெட்டுமுனைக்கு 5 ஆகத் தெரியும், மேல் சுரங்கள் சிரமமின்றி வெட்டுப்படும். ஆனால் 30 ஹெர்ட்ஸ் பாஸ் 15 ஆகிவிடும். டேப் தலை அங்கே சரியாக வாசிப்பதில்லை, ஈக்வலைசேஷனையும் மாற்றி அமைக்க வேண்டும். எனவே பழைய ஹாஃப் ஸ்பீடு தட்டுகள் சிலவற்றில் மேலே தேன், கீழே வெறும் வயிறு. ஏபி ரோடில் மைல்ஸ் ஷோவெல் கோப்பிலிருந்து வெட்டுவதால் டேப் தலையின் பாஸ் பிரச்சினை அவருக்கு இல்லை, சீறும் 'ஸ'க்களையும் முன்கூட்டியே ஒவ்வொன்றாகத் திருத்திவிடலாம். முழு அனலாக் வேண்டும் என்பவர்கள் இதைத் தெரிந்து வாங்குங்கள்.

ஜனவரி 21
ரீஇஷ்யூ ஜெயிக்கும் இடங்களைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

ஜெத்ரோ டல்லின் அக்வாலங் (1971). ஒரிஜினல் மிக்ஸே மங்கல். எந்த நாட்டுத் தட்டை வாங்கினாலும் திரைக்குப் பின்னாலிருந்து கேட்கும். 2011-ல் ஸ்டீவன் வில்சன் மல்டிடிராக்கிலிருந்து (வாத்தியங்கள் தனித்தனியாகப் பதிவான டேப்) செய்த மிக்ஸ் திரையை விலக்கியது. அது வேறு மிக்ஸ், எனவே 'ஒரிஜினலின் ரீஇஷ்யூ' என்று சொல்ல முடியாது என்று வாதிடுபவர்களுக்கு: ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் அதைத்தான் போடுவேன்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ் (1985). பதிவே டிஜிட்டல். ஒரே எல்பியில் அடக்க, சில பாட்டுகளைச் சுருக்கினார்கள். சிடி சுமார் 55 நிமிடம், தட்டு 47-ஐ ஒட்டி. பின்னாளில் வந்த இரட்டைத் தட்டுப் பதிப்புகளில்தான் முழு நீளம். இதன் ஒரிஜினலை 'அனலாக் சூடு' என்று விற்பவர் சிரிப்பு மூட்டுகிறார்.

பீட்டில்ஸில் ஒரே குழுவுக்கு இரண்டு விதமும் உண்டு. 2012-ன் ஸ்டீரியோ எல்பிகள் 24 பிட் 44.1 கோப்பிலிருந்து வெட்டியவை. 2014-ன் மோனோ பெட்டி முழுக்க அனலாக், டேப்பிலிருந்து நேராக. தேய்ந்த மோனோ ஒரிஜினலுக்குக் கொட்டிக் கொடுப்பதைவிட 2014 மோனோ நியாயம்.

ஒரிஜினலே ஜெயிப்பவை? லெட் ஸெப்பலின் 2 ஆர்எல், மேலே சொன்னபடி. பிங்க் ஃப்ளாயிடின் டார்க் சைட் ஆஃப் தி மூனில் (1973) தயங்குகிறேன். முழுநீல முக்கோண லேபிள், ஏ-2/பி-2 மேட்ரிக்ஸ் கொண்ட பிரிட்டிஷ் பிரதிக்கு விலை ஏறுவது அதன் அபூர்வத்துக்காகவும்தான். 2003-ல் டக் சாக்ஸும் கெவின் கிரேயும் வெட்டிய 30-ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்கத்தில் வைத்தால், சத்தம் சமன் செய்தபின் வித்தியாசம் பேச்சு அளவுக்கு இல்லை. அமைதியான பகுதிகளில் கிட்டத்தட்ட எப்போதும் 2003-க்கே வெற்றி, பின்னணி அவ்வளவு சுத்தம்.

ஜனவரி 22 (கேட்டவர்)
'ரீஇஷ்யூவுக்கே வெற்றி' என்கிற உங்கள் வாயில் டேப் வயதைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லையே.

ஜனவரி 22, இரவு
வருகிறது. 1970-களின் நடுவிலிருந்து பயன்பட்ட சில டேப் வகைகளில் பைண்டர் (காந்தப்பூச்சை ஒட்டவைக்கும் பசை) ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டினால் தலையில் ஒட்டிக்கொண்டு காந்தப்பூச்சு உரிந்து வரும். 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் பதமாகச் சூடாக்கினால் தற்காலிகமாகச் சரியாகும். அந்த இடைவெளியில் நகலெடுக்க வேண்டும். அதனால்தான் 1960-களின் டேப் சில, 1978-ன் டேப்பைவிட நல்ல நிலையில் இருக்கின்றன. 70-களின் பிற்பகுதி ஆல்பத்துக்கு 'முழு அனலாக் ரீஇஷ்யூ' அறிவித்தால் எந்த டேப்பிலிருந்து என்று கேட்பது அவசியம். அங்கே உங்கள் கட்சிக்கு வலு அதிகம்.

ஜனவரி 24
புதுத் தட்டின் குறைகள், திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் பார்க்க வேண்டியவை.

நான்-ஃபில்: அச்சில் பிவிசி க்ரூவின் சுவர்வரை பாயாமல் குளிர்ந்துவிட்டது. ஜிப் இழுப்பது போன்ற 'ழ்ர்ர்ர்' ஓசை, பெரும்பாலும் ஒரு சேனலில் மட்டும், சுற்றுக்கு ஒருமுறை. விளக்கில் சாய்த்தால் சாம்பல் நிறத் திட்டாகவோ புள்ளி வரிசையாகவோ தெரியும். கழுவினால் போகாது, எத்தனை முறை ஓட்டினாலும் 'தேறாது'. திருப்பி அனுப்புங்கள்.

மையம் விலகல்: ஆர்ம் தலை ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் வலம் ஆடும். அரை மி.மீ. விலகல் 10 செ.மீ. ஆரத்தில் ஸ்ருதியைக் கூட்டியும் குறைத்தும் அரை சதவீதம் ஆட்டும், உள்ளே போகப் போக அதிகம். பியானோவும் நீண்ட கிட்டார் ஸ்வரமும் காட்டிக்கொடுக்கும். டிரம்ஸ் மட்டும் கேட்டுச் சோதிக்காதீர்கள்.

வளைவு: விளிம்பில் கிண்ணம் மாதிரி வளைந்தால் பெரும்பாலும் ஓடும். ஒரே இடத்தில் திடீரென மேடு இருந்தால் ஊசி துள்ளும்.

ஜனவரி 25
பழைய தட்டுக்கு: பளபளப்பை நம்பாதீர்கள். தேய்ந்த க்ரூவ் கண்ணாடி போல மின்னும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் குரல் உச்சம் போகும் இடத்தைப் போட்டுக் கேளுங்கள். கரகரப்பு குரலோடு சேர்ந்து ஏறி இறங்கினால் தேய்மானம், குரல் நின்ற பிறகும் தொடர்ந்தால் அழுக்கு. அழுக்குக் கழுவினால் போகும்.

தேய்ந்ததையும் உடனே ஒதுக்க வேண்டாம். அந்தக் காலத்துக் கூம்பு ஊசி க்ரூவ் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் உரசியிருக்கும். லைன் காண்டாக்ட் ஊசி சுவரின் வேறு பகுதிகளையும் தொடுவதால் சில தட்டுகள் வியக்கும்படி பிழைத்துக்கொள்ளும். சில பிழைக்காது.

ஜனவரி 29
உறை பற்றிக் கேட்டவருக்கு: மென்மையான பிவிசி மேலுறை வேண்டாம். அதிலிருந்து கசியும் பொருள் ஆண்டுக்கணக்கில் தட்டின்மேல் மூட்டமாகப் படியும், அந்த இடம் இரையும், கழுவினால் போகாது. பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் போதும்.

உறையே தட்டைக் கெடுத்ததற்குப் பெரிய உதாரணம் ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ் (1971), முகப்பில் நிஜ ஜிப். அடுக்கி அனுப்பியபோது ஜிப்பின் பிடி அடுத்த தட்டில் பதிந்தது. பிறகு ஜிப்பைப் பாதிவரை இறக்கி அனுப்பினார்கள், பிடி லேபிள்மேல் அழுந்தட்டும் என்று. ஒரிஜினல் வாங்கினால் அந்த இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள்.

பிப்ரவரி 2 (கேட்டவர்)
'எப்போதும்' என்பதை வாபஸ் வாங்குகிறேன், 'பெரும்பாலும்' என்று வையுங்கள். மையம் விலகிய ஒரிஜினல் ஒன்று வைத்திருக்கிறேன், திருப்பி அனுப்ப ஆள் இல்லை. வழி உண்டா?

பிப்ரவரி 2, இரவு
உண்டு. சிறிய கை ரீமரால் துளையை முக்கால் மி.மீ. பெரிதாக்குங்கள், இரண்டு பக்கமிருந்தும் மாற்றி மாற்றி, லேபிள் கிழியாமல். டிரில் வேண்டாம். துகள்களை ஊதிவிட்டுத் தட்டைப் போட்டு, பக்கத்தின் நடுவில் ஊசியை இறக்கி, ஆர்ம் தலை எந்தப் பக்கம் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். தலை வெளியே போகும் கணத்தில் ஊசிக்கு நேரே இருக்கும் விளிம்பில் சிறு காகித ஒட்டு வையுங்கள். ஊசியைத் தூக்கி, மேடையை நிறுத்தி, அந்த விளிம்பை ஸ்பிண்டில் பக்கம் மயிரளவு தள்ளுங்கள். மூன்று நான்கு முறையில் ஆட்டம் அடங்கும். மறுபக்கத்துக்கும் இதையே முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும், இரண்டு ஸ்டாம்பரும் ஒரே அளவு விலகியிருப்பது அபூர்வம். கிளாம்ப் இருந்தால் கடைசியில் போடுங்கள், முதலில் போட்டால் தள்ள முடியாது.